பட்டியலில் இல்லாத ஊர்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியலைச் சிறப்புப் பாடமாகப் படித்த காலத்தில், ஆய்வேட்டுக்கு எதை எடுப்பது என்று நான் யோசித்ததே இல்லை. அது ஊரிலேயே முடிவான விஷயம். வவுனியா மாவட்டத்தில் எங்கள் ஊரான செட்டிகுளத்தைச் சுற்றி எந்தப் பக்கம் சைக்கிளை விட்டாலும் ஒரு குளக்கட்டில்தான் ஏற வேண்டிவரும். பாவற்குளம் போலப் பெரியவை சில. மற்றதெல்லாம் கொஞ்ச வயலுக்குத் தண்ணீர் கொடுக்கும் சின்னக் குளங்கள். மாரியில் மேலே உள்ள குளம் வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் ஓடையாக இறங்கி அடுத்த குளத்தை நிரப்பும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. கடைசியில் எல்லாம் அருவி ஆற்றில் போய் விழும். அப்பாவின் வயல் இப்படி நடுவில் இருந்த ஒரு குளத்தின் கீழ். மேல்குளத்தின் கட்டு உடைந்தால் எங்களுக்கு என்ன ஆகும், தண்ணீர் திறந்துவிடும் துருசு பழுதானால் யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. இதைத்தான் எழுதப்போகிறேன் என்று மேற்பார்வையாளரிடம் சொன்னபோது அவர் ஒன்றைத்தான் கேட்டார்.

“நல்லது. உம்மட குளங்களைப் பற்றி இதுக்கு முதல் ஆர் ஆர் என்ன எழுதியிருக்கினம்? முதல் அதைப் பாத்துக்கொண்டு வாரும்.”

விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது அந்தத் தேடலைத் தொடங்கினேன். வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் வராது. பின்னேரங்களில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு குளக்கட்டில் நின்ற மருத மரத்தடிக்குப் போய்விடுவேன். கைத்தொலைபேசியிலிருந்து இணைப்பை எடுத்துப் பல்கலைக்கழக நூலகத்தின் இணையத்தளத்தைத் திறந்தேன். தேடற்பெட்டியில் ‘செட்டிகுளம்’ என்று தமிழில் எழுதித் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். அதற்கும் ஒன்றுமில்லை. எதிரே குளம் நிறையத் தண்ணீர், எருமைகள், தாமரை. திரையில் மட்டும் அந்த ஊர் இல்லை.

பிறகு எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பொதுத் தேடுபொறியில் ஊரின் பெயரைப் போட்டேன். அங்கே குறைவே இல்லாமல் வந்து குவிந்தது. எல்லாம் 2009. ஐக்கிய நாடுகள் நிறுவனங்களின் நிலைமை அறிக்கைகள், வெளிநாட்டுப் பத்திரிகைச் செய்திகள், வானிலிருந்து எடுத்த படங்கள், வரிசை வரிசையாக வெள்ளைக் கூடாரங்கள். மெனிக் பாம் என்ற இடம்பெயர்ந்தோர் முகாம் எங்கள் பிரதேசத்தில்தான் இருந்தது. யுத்தத்தின் கடைசி மாதங்களில் வன்னியிலிருந்து வந்த ஏறத்தாழ 3 இலட்சம் பேரில் பெரும்பகுதியினரை அங்கேதான் அடைத்தார்கள். கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று முகாம்களுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். 2012 செப்டெம்பரில்தான் கடைசிக் குடும்பங்களும் வெளியேறின.

நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்த மாமி அங்கே இருந்தா. அவவைப் பார்க்கப் போனபோது கையில் ஒரு சொப்பிங் பை. பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, மகனின் சாதாரண தரப் பெறுபேறு, எல்லாம் அதற்குள். நனையாமல் இருக்க ஒன்றுக்குள் ஒன்றாகப் பல பைகள் போட்டுக் கட்டியிருந்தா. நகையை விட்டா, தையல் மெசினை விட்டா, அந்தப் பையை விடவில்லை. அன்றைக்கு மக்களோடு வந்து சேராத கடதாசிகளை நான் இன்றும் நினைப்பேன். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனை பாடசாலை நூலகங்கள், எத்தனை வீட்டு அலுமாரிகள், எத்தனை சங்கக் கூட்டக் கொப்பிகள்!

அந்த 2009ஆம் ஆண்டு அறிக்கைகள் கட்டாயம் பாதுகாக்கப்பட வேண்டியவை. ஒரு நாள் அவற்றைத் தேடி ஆட்கள் வருவார்கள். ஆனால் உலகம் எங்கள் ஊரின் பெயரை எழுதிய இடமெல்லாம் ஒரு முகாமின் முகவரியாகவே எழுதியிருந்தது என்பதைக் குளக்கட்டில் இருந்து பார்த்தபோது மனம் பொறுக்கவில்லை. அதற்கு முன்னும் இங்கே ஊர் இருந்தது. அதை யாரோ எங்கோ எழுதியிருக்கத்தான் வேண்டும்.

விடுமுறை முடிந்து பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலிக்குத் திரும்பியதும் நேரே நூலகத்துக்குப் போனேன். உதவி நூலகராக இருந்த மிஸ் என் கதையைப் பொறுமையாகக் கேட்டா. அவ சொன்னதை நான் அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்.

“பட்டியல் புத்தகத்துக்குள்ள போய் வாசிக்காது, பிள்ளை. தலைப்பு, ஆசிரியர், பொருட்தலைப்பு, இப்பிடிக் கொஞ்சத்தைத்தான் அது பாக்கும். உம்மட ஊர் ஏதோ ஒரு புத்தகத்தின்ர நூறாம் பக்கத்தில இருக்கலாம். அந்தப் புத்தகத்தை எழுதினவர் அதுக்கு என்ன பேர் வைச்சிருப்பார் எண்டு யோசியும்.”

ஆய்வு முறையியல் வகுப்பில் ஒரு தவணை முழுக்கப் படித்ததைவிட இந்தச் சில வசனங்களில் எனக்குக் கிடைத்தது அதிகம். ஊரிலிருந்து மேலே ஏற வேண்டும். செட்டிகுளம் அகப்படாவிட்டால் வவுனியா. வவுனியாவும் போதாவிட்டால் வன்னி. அதற்கும் மேலே வட மாகாணம், உலர் வலயம், இலங்கை. பொருளிலும் அதேபோலத்தான். குளத்தில் தொடங்கி நீர்ப்பாசனத்துக்கு, நீர்ப்பாசனத்திலிருந்து குடியேற்றத்துக்கு, காணி நிர்வாகத்துக்கு. ஒவ்வொரு படியிலும் வேறு புத்தகங்கள் வந்தன. அகப்பட்ட ஒரு புத்தகத்தின் பதிவைத் திறந்தால் அதற்குக் கொடுத்திருக்கும் பொருட்தலைப்புகள் கீழே நிற்கும். அவற்றில் ஒன்றைத் தட்டினால் அதே தலைப்பின் கீழுள்ள மற்றவை வரிசையாக வரும். எனக்கு வாய்ப்பான சொல்லை நான் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, நூலகர் ஏற்கெனவே கொடுத்து வைத்திருந்தார்.

ஊர்ப் பெயரின் எழுத்துக்கூட்டலைப் பற்றியும் மிஸ் எச்சரித்திருந்தா. ஆங்கிலத்தில் நடுவில் இரட்டை ‘ரீ’ போடுபவர்கள் உண்டு. பிரதேச செயலகப் பெயரில் இரட்டை ‘டீ’. சிங்களத்தை ஒட்டி ‘எஸ்’ஸில் தொடங்குபவர்களும் உண்டு. நிர்வாகப் பெயர் வெங்கலச்செட்டிகுளம். பழைய பற்றுப் பிரிவுகளில் சின்னச்செட்டிகுளம், நடுச்செட்டிகுளம் என்று வரும். ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பெயரின் முற்பகுதியை மட்டும் எழுதி நட்சத்திரக்குறி இட்டால் மிச்சம் எப்படி முடிந்தாலும் பட்டியல் பிடித்துவிடும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அப்படி ஏறிப்போனதில் வந்ததுதான் ஜே. பி. லூயிஸின் ‘மனுவல் ஒஃப் த வன்னி டிஸ்ரிக்ற்ஸ்’. 1895இல் கொழும்பு அரசாங்க அச்சகம் வெளியிட்ட நூல். நான் பார்த்தது 1993இல் புதுதில்லியில் வந்த மறுபதிப்பு. லூயிஸ் சிவில் சேவை அதிகாரி. தலைப்பில் வன்னி மட்டும்தான். எங்கள் ஊர் அதற்குள்ளே. சிறப்புத் தொகுப்பிலுள்ள நூல் என்பதால் வெளியே கொண்டுபோக முடியாது. வாசிப்பு மேசையில் அதைத் திறந்து, சிறுவயதிலிருந்து வாயால் மட்டும் கேட்டிருந்த குளங்களின் பெயர்களை அச்சில் முதன்முதலாகக் கண்டபோது நெஞ்சு அடைத்தது. ஆனால் அது ஓர் ஆட்சியாளரின் கண். வரி, காய்ச்சல், குறைந்துபோன குடித்தொகை, இடிந்த கட்டுகள் என்றுதான் அவர் வன்னியைப் பார்க்கிறார். அந்தக் கட்டுகளில் மண் சுமந்தவர்கள் அவரிடம் எண்ணாகவே வருகிறார்கள். இருந்தாலும் அவர் எழுதி வைத்திருக்காவிட்டால் எனக்கு அந்த எண்கூடக் கிடைத்திராது.

லூயிஸிலிருந்து ஆர். எல். புறோகியர். நில அளவைத் திணைக்களத்தில் பணியாற்றியவர். 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையின் பண்டைய நீர்ப்பாசன வேலைகளைப் பற்றி மூன்று பகுதிகளாக எழுதினார். தமிழில் சி. பத்மநாதனின் ‘வன்னியர்’, 1970. ஒரு புத்தகத்தின் பின்பக்க உசாத்துணையிலிருந்து பட்டியலுக்கு, பட்டியலிலிருந்து இன்னொரு புத்தகத்தின் உசாத்துணைக்கு என்று கிழமைகள் போயின. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்தில் பணியாற்றிய முருகர் குணசிங்கம், ஈழத்தமிழரின் வரலாற்றுக்கான முதன்மை மூலங்கள் உலகில் எங்கெங்கே கிடக்கின்றன என்று தேடித் திரட்டி 2005இல் ஒரு பெரிய நூலாகவே வெளியிட்டார். அதைப் புரட்டியபோது, எங்களைப் பற்றி எழுதப்பட்டவற்றில் எவ்வளவு எங்களுக்கு எட்டாத் தொலைவில் இருக்கிறது என்பது விளங்கியது. லிஸ்பனும் த ஹேகும் லண்டனும் பெட்டிகளில் வைத்திருக்கின்றன. வன்னியில் இருந்துகொண்டு இணையத்தளம் இல்லாமல் அந்தப் பெட்டிகளின் பெயரைக்கூட அறிய வழியில்லை.

நூல் நிற்கும் இடத்தைச் சொல்லும் அழைப்பெண் பற்றி ஒரு வார்த்தை. மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பில் இலங்கை வரலாற்றுக்கு 954.93. இந்த எண்ணை வீட்டிலிருந்தே குறித்துக்கொண்டு போனால், பஸ்ஸில் வவுனியாவுக்கு வந்து அங்கிருந்து ஏ9 வீதியால் போகும் அந்த நீண்ட பயணத்தின் முடிவில் நேரே இறாக்கைக்குப் போய் நிற்கலாம். தேடிப்போன நூலுக்கு இரு பக்கமும் உள்ளவற்றையும் கட்டாயம் எடுத்துப் பார்க்க வேண்டும். எனக்கு மிகப் பயன்பட்ட ஒரு பழைய குடியேற்றத் திட்ட அறிக்கை இப்படிப் பக்கத்தில் நின்றதுதான். நூல் இரவலில் போயிருக்கிறதா, எப்போது திரும்பும் என்பதும் இணையப் பட்டியலில் தெரியும். தூர ஊரில் இருந்து வரும் மாணவிக்கு இது எத்தனை பெரிய உதவி என்பது பஸ் காசை எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாசகரின் நேரத்தைக் காப்பது நூலகத்தின் கடமை என்பதைத் தனது ஐந்து விதிகளில் ஒன்றாக 1931இலேயே எழுதியவர் சீர்காழிக்காரரான எஸ். ஆர். இரங்கநாதன். யாழ்ப்பாணப் பொது நூலகத்தை அமைத்தபோது ஆலோசனை சொன்னவர்களில் அவரும் ஒருவர். அவர் பார்த்துப் பார்த்து ஆலோசனை சொன்ன அந்த நூலகம் 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள். உசாத்துணைப் பட்டியல்களில் ஒரு நூலின் பெயரைக் கண்டு, தேடித் தேடி, எந்தப் பட்டியலிலும் அது இல்லை என்று காணும்போதெல்லாம் எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வரும். அதன் ஒரே பிரதி அங்கே இருந்ததோ?

அந்த எரிவுக்குப் பதில் சொல்வதுபோல எழுந்ததுதான் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் என்று நான் நம்புகிறேன். 2005இல் சில இளைஞர்கள் தன்னார்வமாகத் தொடங்கியது. இன்றைக்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் அங்கே உண்டு. நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள். பல்கலைக்கழகப் பட்டியலில் எனக்குக் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்தது. ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு பக்கம் இருக்கும். நூலக எண், ஆசிரியர், ஆண்டு என்பவற்றோடு பலவற்றுக்கு உள்ளடக்கத்தையும் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் ஒரு மலருக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு பக்கக் கட்டுரையின் தலைப்பும் தேடலில் அகப்படும். யாரோ ஒருவர் இருந்து ஒவ்வொரு தலைப்பாகத் தட்டெழுதியிருக்கிறார். அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டவள். பெரிய கோப்புகளை இரவு டேட்டாவுக்கு இறங்க விட்டுவிட்டுப் படுப்பேன். காலையில் எழும்பினால், என்றோ ஒரு பாடசாலை விழாவுக்கு ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் தன் ஊர்க் குளங்களைப் பற்றி எழுதிய கட்டுரை திரையில் இருக்கும்.

ஆனால் தேடலில் பெரிய கதவு திறந்தது ஒரு தற்செயலால். பல்கலைக்கழக வலையமைப்புக்குள் இருந்தால் மட்டும் திறக்கும் ஆய்விதழ்த் தளங்கள் சில உண்டு. அவற்றில் ‘கிராமக் குளம், இலங்கை’ என்று ஆங்கிலத்தில் போட்டுத் தேடியபோது சி. எம். மத்தும பண்டார 1985இல் எழுதிய கட்டுரை ஒன்றைப் பலர் மேற்கோள் காட்டியிருப்பதைக் கண்டேன். உலர் வலயத்தின் குளங்கள் தனித்தனிக் குளங்கள் அல்ல, ஒரே நீரேந்து பரப்பில் ஒன்றோடொன்று தொடுத்த குளத் தொடர்கள் என்பது அவர் சொன்னது. ஒன்று வான் பாய்ந்தால் அடுத்தது நிரம்பும். எங்கள் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு ஆய்வுலகில் இந்தப் பெயரில் இருந்திருக்கிறது! அதை அறியாமல் நான் வெறும் ‘குளம்’ என்று தேடிக்கொண்டிருந்தேன். ‘குளத் தொடர்’ என்பதன் ஆங்கிலச் சொல்லைப் போட்ட அன்று கட்டுரைகள் வந்துகொண்டே இருந்தன. கீழ்க்குளங்களில் தேங்கும் உப்பு, நீர் ஏறி இறங்கும் அலைகரையின் மரங்கள், வண்டல், கூட்டு நிர்வாகம் என்று எல்லாவற்றையும் ஆராய்ந்திருந்தார்கள். பின்னாளில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பும் இந்தக் குளத் தொடர்களை உலக விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். “இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு படிப்பு வேணுமே?” என்றார். பிறகு கொஞ்சம் பொறுத்து, “எழுதி வைச்சது நல்லது. நாங்கள் எழுதேல்லை” என்றார்.

அந்தக் கட்டுரைகள் அநேகமாக அநுராதபுரம், குருநாகல் மாவட்டங்களைப் பற்றியவை. யுத்தம் நடந்த ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டுகளில் வவுனியாவின் மேற்குப் பக்கம் யார் வந்து மண் பரிசோதித்திருக்க முடியும்? இந்த வெறுமையையும் ஆய்வேட்டில் ஓர் அதிகாரமாகவே எழுதினேன். எது இல்லை என்று உறுதியாகச் சொல்லவும் முழுதாகத் தேடியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் விளங்கியது. இலங்கையில் 80 ஹெக்டேயருக்குக் குறைந்த வயலுக்குப் பாய்ச்சும் குளங்கள் சிறு நீர்ப்பாசனக் குளங்கள். அவை கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ். பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ். அதனால் ஒரே தொடரில் உள்ள குளங்களின் கடதாசிகள் இரண்டு கந்தோர்களில் பிரிந்து கிடக்கும். தண்ணீருக்கு அந்த எல்லை தெரியாது, கோப்புக்குத் தெரியும். எந்தக் குளத்துக்கு எங்கே போவது என்று முதலே பட்டியலிட்டதால்தான் என்னால் வேலையை முடிக்க முடிந்தது.

எந்தப் பட்டியலிலும் இல்லாத ஆவணம் ஒன்று எங்கள் வளவுக்குள்ளேயே இருந்தது. 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டத்தின் கீழ் ஊர்தோறும் பயிர்ச்செய்கைக் குழுக்கள் வந்தன. எங்கள் குளத்துக்கான குழுவில் பெரியப்பா இருந்தவர். அதன் கூட்டக் கொப்பி ஒன்று அவரிடம் இருந்தது. 1990இல் ஊரைவிட்டு ஓடியபோதும் உடுப்போடு சேர்த்துக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார். கேட்டதும் தயங்கினார்.

“உதில என்ன கிடக்குப் பிள்ளை? ஆர் எத்தினை முழம் கட்டுக்கு மண் போட்டவை, ஆர் போடேல்லை, உவ்வளவும்தான்.”

லூயிஸிடம் எண்ணாக வந்தவர்கள் அந்தக் கொப்பியில் பெயரோடு இருந்தார்கள். எந்த ஆண்டு சிறுபோகம் விதைப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள், அலைகரையில் யாரோ காடு வெட்டியதற்கு என்ன தண்டம், துருசுப் பலகைக்கு எந்த மரம், எல்லாம் ஊதா மையில். ஒவ்வொரு பக்கத்தையும் யாழ்ப்பாணத்தில் தெரிந்தவர் ஒருவரின் ஸ்கானரில் 300 புள்ளிச் செறிவில் பதிந்தேன். தண்டம் கட்டியவர்களின் பெயர்கள் இருக்கும் பக்கங்களை அவர்களின் பிள்ளைகளைக் கேட்காமல் வெளியே விடக்கூடாது என்று பெரியப்பா சொன்னார், அது நியாயம். அந்தச் சம்மதங்களை இப்போது ஒவ்வொரு வீடாகப் பெற்று வருகிறேன். முடிந்ததும் கொப்பி எண்ணிம நூலகத்துக்குப் போகும். அதோடு சேர்க்கும் குறிச்சொற்களில் ஊரின் பெயரை எத்தனை விதமாக எழுதுவார்களோ அத்தனையையும் எழுதி வைத்துவிட்டேன். பற்றுப் பெயர்களும் அதில் உண்டு.

இன்று நான் இதே பிரதேசத்தில் ஆசிரியை. உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒரு பாடவேளை முழுக்க நூலகத் தளங்களைத் திறந்து காட்டுவேன். ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றி எட்டு, பத்துத் தலைகள். ஒவ்வொருவரும் தன் கிராமத்தின் பெயரைத்தான் முதலில் போடுவார்கள். ஒன்றும் வராதபோது அவர்களின் முகம் வாட விடாமல், உடனே மாவட்டத்துக்கு ஏறச் சொல்வேன்.

எனக்கு இன்னும் ஒன்று வேண்டும். நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குல வரைபடங்கள், அதாவது ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கிய 63,360க்கு 1 என்ற அளவுத்திட்டத் தாள்கள், பலமுறை திருத்திப் பதிப்பிக்கப்பட்டவை. எங்கள் பகுதியைக் காட்டும் தாளின் பிந்திய பதிப்பு ஒன்றைப் பார்த்துவிட்டேன். பெரியப்பா சொல்லும் குளங்களில் சில அதில் இல்லை. தூர்ந்து காடான குளங்கள் அவை. அவற்றின் இடத்தைக் குறிக்க 1950க்கு முந்திய பதிப்பு தேவை. இதை வாசிக்கும் யாராவது, எந்த நாட்டு நூலகத்தின் பட்டியலிலாவது அந்தத் தாளைக் கண்டால், அழைப்பெண்ணைக் குறித்து வையுங்கள். செட்டிகுளத்தில் அதற்காக ஒருத்தி காத்திருக்கிறாள்.